வெள்ளிக் கூலியும் தானியக் கூலியும்

1931-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் இறுதியில், வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றிருந்த காந்தியடிகள், லங்காஷயர் வட்டாரத்து ஆலை நகரமான டார்வெனுக்குப் போனார். உலகெங்கும் வாணிகம் மந்தமுற்றிருந்த காலம் அது. இந்தியாவில் அந்நியத் துணிப் புறக்கணிப்பும் சேர்ந்துகொள்ளவே, அவ்வூரில் பல தறிகள் ஓய்ந்து கிடந்தன. வேலையிழந்த தொழிலாளர் அவரைக் காண வந்தனர். சினத்தோடு அன்று, அன்போடுதான் வந்தனர். அவர்களிடம் அவர் ஒரு கணக்குச் சொன்னார். அவர்கள் நாட்டில் வேலையற்றோர் 30 லட்சம். நம் நாட்டிலோ ஆண்டில் பாதி நாள் வேலையின்றி இருப்போர் ஏறக்குறைய 30 கோடி. அங்கே வேலையற்றவருக்கு அரசு தரும் உதவிப் பணம் சராசரியாக மாதம் 70 ஷில்லிங். இங்கே மக்களின் சராசரி வருமானமே மாதம் ஏழரை ஷில்லிங். இதுதான் அந்தக் கணக்கு.

நேயர்களே, குறிப்பாக மாணவ நண்பர்களே, இரண்டு நாட்டு மக்களின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட்டுப் பேசுவோர் பலர். எதைக் கொண்டு அளக்கிறோம் என்று நின்று கேட்போர் சிலரே. ஆகவே அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் எண்களைச் சரிபார்ப்போம். அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்சு என்பது மாற்று விகிதம். அவ்வாறெனில் ஏழரை ஷில்லிங் ஐந்து ரூபாய். ஆண்டுக்கு 60 ரூபாய். பொருளியல் அறிஞர் வி. கே. ஆர். வி. ராவ், 1931-32-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் இந்திய வருமானத்தைப் பின்னாளில் மிக நுணுக்கமாக ஆராய்ந்து, தலைக்கு ஏறத்தாழ 62 ரூபாய் என்று கண்டார். ஒருவர் மக்களிடையே நின்று பேச்சுவாக்கில் சொன்ன எண். மற்றவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய எண். இரண்டும் அருகருகே நிற்கின்றன. மறுபக்கத்தையும் பாருங்கள். வேலையற்ற ஆடவருக்கு இங்கிலாந்தில் அப்போது வாரத்துக்கு 17 ஷில்லிங் கிடைத்தது. மாதக் கணக்கில் அது 70-ஐச் சற்றே தாண்டும். (அடுத்த மாதமே அதை 15 ஷில்லிங் 3 பென்சாகக் குறைத்துவிட்டார்கள் என்பது வேறு செய்தி.)

எண்கள் சரி, ஆனால் ஒப்பீட்டில் இரண்டு இடங்களை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று தலைக்கட்டுக்கு உரியது; மற்றது தலைக்கு உரியது. 17 ஷில்லிங் வளர்ந்த ஆடவர் ஒருவருக்கு. மனைவி மக்களுக்கென அங்கே தனித் தொகையும் உண்டு. ஐந்து ரூபாயோ கைக்குழந்தை முதல் கிழவி வரை எல்லாரையும் சேர்த்து வகுத்த ஈவு. இஃது ஒரு சிறு திருத்தம்தான். பெரிய கேள்வி மற்றொன்று. டார்வெனில் ஒரு ஷில்லிங் எதை வாங்கிற்று? அதற்கு ஈடான பத்தணாச் சொச்சம் இராஜபாளையத்துக் கடைவீதியில் எதை வாங்கிற்று?

நான் இராஜபாளையத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காந்தியடிகள் 1927-இலும் 1934-இலும் அவ்வூருக்கு வந்திருக்கிறார். டார்வென் பயணம் இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்தது. பருத்தியால் பிழைத்த இரு வட்டாரங்களை அவர் ஒருசேரக் கண்டவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், சுமார் 11 கிலோமீட்டர் இடைவெளியில், இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன. மலையோரம் கண்மாய்ப் பாசனமும் நெல்லும். கிழக்கே நகர நகரக் கரிசல் மண்ணும் பருத்தியும் கம்பும் சோளமும். 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் இவ்வூர்கள் அடங்கி வந்துள்ளன. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரால் இந்தக் கரிசல் விளைச்சல் கடல் கடந்த சந்தைகளிலும் அறியப்பட்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகேயுள்ள சுந்தரபாண்டியத்துத் தெருக்களில் நடந்தால் கைத்தறியின் ஓசையை இன்றும் கேட்கலாம்; நான் கேட்டிருக்கிறேன்.

இந்தத் தறிகாரரின் முன்னோரும் லங்காஷயர்த் தறிகாரரின் முன்னோரும் 18-ஆம் நூற்றாண்டில் எப்படி வாழ்ந்தனர்? இங்கேதான் வரலாற்றறிஞரிடையே ஒரு நல்ல வழக்கு நடந்து வருகிறது.

தென்னிந்தியத் துணி இங்கிலாந்தில் மலிவாக விற்றது. அவ்வளவு மலிவாக விற்றதால் அந்நாட்டு நெசவாளர் கொதித்தெழுந்தனர். 1700-இலும் 1721-இலும் பாராளுமன்றம் இந்தியத் துணிக்கு எதிராகச் சட்டங்கள் செய்தது. இந்தியன் பட்டினிக் கூலிக்கு நெய்கிறான், அதனால்தான் மலிவு என்பது அங்கே நிலவிய விளக்கம். நம் பாடநூல்களிலும் அதன் நிழல் படிந்திருக்கிறது. பிரசன்னன் பார்த்தசாரதி என்னும் வரலாற்றறிஞர் 1998-இல் எழுதிய கட்டுரையில் இவ்விளக்கத்தை மறுத்தார். காசாகப் பார்த்தால் தென்னிந்திய நெசவாளரின் கூலி குறைவுதான். ஆனால் அந்தக் காசு எத்தனை ராத்தல் தானியம் வாங்கிற்று என்று பாருங்கள் என்றார் அவர். நம் நஞ்சை நிலம் ஏக்கருக்குத் தந்த விளைச்சல் அதிகம். ஆதலால் தானியம் மலிவு. ஆதலால் சிறு காசும் வயிறு நிறையச் சோறு போட்டது. அவ்வாறு அளந்தால் இந்த நெசவாளர் ஆங்கில நெசவாளருக்குத் தாழ்ந்தவர் அல்லர். மேலும், வணிகரிடம் முன்பணம் வாங்கிய நெசவாளர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் போகலாம். கொடுத்த வணிகர் அவ்வாறு பின்வாங்க இயலாது. பேரம் பேசும் வலிமை தறியின் பக்கம் இருந்தது என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைக் கைப்பற்றி, அரசின் கோலைத் துணி வாணிகத்துக்குப் பயன்படுத்தியபோதுதான் அந்த வலிமை போயிற்று. திருநெல்வேலிச் சீமை முழுமையாகக் கம்பெனியின் கைக்குப் போனது 1801-இல்.

இதற்கு மறுப்பும் வந்தது. ஸ்டீபன் பிராட்பெர்ரியும் பிஷ்ணுப்பிரியா குப்தாவும் 2006-இல் எழுதினர். வெள்ளியில் அளந்த கூலியை ஒதுக்கிவிடக் கூடாது. சோற்றை மட்டுமா மனிதன் வாங்குகிறான்? இரும்பு, கண்ணாடி, புத்தகம், கடல் கடந்து வரும் சரக்கு ஆகியவற்றையெல்லாம் வெள்ளிதான் வாங்கும். அந்த அளவில் இங்கிலாந்து முன்னமே முந்திவிட்டது; தானியக் கூலியிலும் 18-ஆம் நூற்றாண்டுக்குள் இந்தியா பின்தங்கிவிட்டது என்றனர் அவர்கள். ராபர்ட் ஆலன் என்னும் அறிஞரோ வேறு வழி கண்டார். ஒரு குடும்பம் உயிர் வாழ ஆண்டுக்கு வேண்டிய தானியம், பருப்பு, எண்ணெய், துணி, விறகு முதலியவற்றை ஒரு கூடையில் இட்டதாகக் கொண்டு, ஒரு கூலியாளின் ஊதியம் எத்தனை கூடை வாங்கும் என்று கணக்கிட்டார். இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பல கூடைகள்; டில்லியிலும் பீக்கிங்கிலும் ஒரு கூடையை ஒட்டியே. ஐரோப்பாவிலேயே இத்தாலியின் நகரங்களும் ஒரு கூடைக்கு இறங்கியிருந்தன. ஐரோப்பா செழித்தது, ஆசியா வறண்டது என்று கோடு கிழிப்பதற்கு இங்கே இடமில்லை.

யார் சொல்வது சரி? என் கருத்து இது. இவர்கள் ஒரே மனிதனைப் பற்றிப் பேசவில்லை. பார்த்தசாரதி சிறப்பாகப் பேசுவது தொழில் கற்ற நெசவாளரைப் பற்றி. மற்றவர்களின் எண்களில் கல் சுமந்தவரும் களத்தில் உழைத்தவருமே மிகுதி. தறி உடையவரும் தறி இல்லாதவரும் ஒரே ஊரில் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்தனர். ஆனாலும் மூவருக்கும் உடன்பாடான ஒன்று உண்டு: 1931-இல் டார்வெனுக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே இருந்த பள்ளம், 1750-இல் அவ்வளவு ஆழமாக இல்லை. அதைத் தோண்டியது பின்வந்த காலம்.

எது தோண்டியது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 80-ஆம் நம்பர் நூல் 100 ராத்தல் நூற்க, கையால் நூற்கும் இந்தியப் பெண்ணுக்கு 50,000 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் செய்த 'மியூல்' இயந்திரம் அதை 2,000 மணியாகக் குறைத்தது. 1795-ஐ ஒட்டி 300 மணி. 1825-ஐ ஒட்டித் தானியங்கி இயந்திரத்தில் 135 மணி. எத்தனை மலிவாகத் தானியம் விளைந்தால் என்ன? 50,000 மணி 135 மணியோடு போட்டியிட முடியாது. முதலில் வீழ்ந்தவர் நெசவாளர் அல்லர். இராட்டையில் நூற்ற பெண்கள். அவர்களுடைய சிறு வருமானம் வீட்டு அடுப்புக்குச் சென்றது. அது நின்றபோது கணக்கெழுதியவர் எவருமில்லை. நெசவாளரோ ஆலை நூலை வாங்கி நெய்து, குறுகிய வருமானத்தில் தாக்குப்பிடித்தனர்.

மாணவர்கள் மறக்கக் கூடாத செய்தி ஒன்று இங்கே உண்டு. இயந்திரம் ஆங்கிலக் கைத்தறியாளரையும் விட்டுவைக்கவில்லை. லங்காஷயரின் போல்ட்டன் நகரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாரம் 20 ஷில்லிங்குக்கு மேல் சம்பாதித்த கைத்தறியாளர், 1830-களில் ஐந்தாறு ஷில்லிங்குக்கு இறங்கினார். அந்நாட்டின் வருமானம் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. நாடு என்ற சொல் எத்தனையோ வீடுகளை மறைத்துவிடுகிறது.

ஆலைத் தொழிலாளராவது நன்றாக வாழ்ந்தாரா? எட்வின் சாட்விக் 1842-இல் வெளியிட்ட சுகாதார அறிக்கையில் ஓர் அட்டவணை இருக்கிறது. மான்செஸ்டரில் தொழிலாளர் குடும்பத்தார் இறந்த சராசரி வயது 17. ரட்லண்ட் என்னும் நாட்டுப்புறப் பகுதியில் அதே வகுப்பினர் இறந்த சராசரி வயது 38. இறந்தவருள் பாதிப்பேர் குழந்தைகள் என்பதால் எண் இவ்வளவு தாழ்கிறது; ஒவ்வொருவரும் 17 வயதில் மாண்டதாகப் பொருளன்று. ஆயினும் வேறுபாடு வேறுபாடுதான். கூலி மான்செஸ்டரில் அதிகம். ஆயுள் ரட்லண்டில் அதிகம். மான்செஸ்டரின் செல்வக் குடியினர் இறந்த சராசரி வயதும் அதே 38தான். அதாவது, சாக்கடையற்ற நகரத்தில் சீமானுக்குக் கிடைத்த ஆயுள், நல்ல காற்றுள்ள சிற்றூரில் உழவனுக்கே கிடைத்தது. வெள்ளியும் தானியமும் அல்லாத மூன்றாவது அளவுகோல் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

நம் பக்கம் அந்த நூற்றாண்டின் பெருங்கொடுமை 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம். பஞ்சக் காலத்தில் கூலி என்ற சொல்லின் உள்ளீடே மாறிவிடும். தானியமாகக் கூலி வாங்குபவருக்கு வேலை உள்ளவரை விலையேற்றம் பெரிதாகத் தைக்காது. காசு வாங்கும் நெசவாளருக்கோ இரட்டை அடி: தானிய விலை ஏறுகிறது, துணி வாங்குவார் இல்லை. அந்நாளில் வைசிராயின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணம் வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என 1877-இல் வரையறுத்தார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். மண் வெட்டிச் சுமப்பவருக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் விடாமல் எதிர்த்து எழுதினார். பின்னர் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. வாழ்க்கைத் தர ஆராய்ச்சி என்பது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோருக்கு இந்த ஒரு ராத்தல் தகராறு போதும்.

அதே 1870-களில் தாதாபாய் நவ்ரோஜி இந்தியரின் தலைவீத வருமானம் ஆண்டுக்கு 20 ரூபாய் என்று கணக்கிட்டார். அதோடு அவர் நிறுத்தவில்லை. சிறைக் கைதிக்கு உணவும் உடையும் தர அரசு செய்யும் செலவை அருகே வைத்துக் காட்டினார். கைதியின் செலவு குடிமகனின் வருமானத்தை விட மிகுதி! இங்கிலாந்தோடு ஒப்பிட்டிருந்தால் நாடு வேறு, தட்பவெப்பம் வேறு என்று ஆட்சியாளர் தட்டிக் கழித்திருப்பர். தங்கள் சிறையோடு ஒப்பிட்டதை எப்படித் தட்டிக் கழிப்பது? ஒப்பீட்டுக்கு எதைத் துணைக்கு அழைப்பது என்பதில் இவ்வளவு சாமர்த்தியம் காட்டியவர் அரியர்.

சராசரியை விட்டு வீடு வீடாகச் செல்லும் வழியும் இவ்வட்டாரத்தில் தொடங்கியதுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், இங்கிலாந்து உழவர்களைப் பற்றி முன்னரே நூல் எழுதியவர். அவர் தம் மாணவர்களை 1916-இல் சொந்த ஊர்ப்புறங்களுக்கு அனுப்பி, நிலம், கடன், உணவு, தொழில் என்று விசாரித்து எழுதச் செய்தார். 1918-இல் நூலாக வெளிவந்த அந்த ஆய்வில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அது தொலைவில்லை. அதே ஊர்களுக்கு 1930-களிலும் 1960-களிலும் 1980-களிலும் ஆய்வாளர் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். ஒரு நாட்டை மற்றொரு நாட்டோடு ஒப்பிடுவதை விட, ஓர் ஊரை அதன் நேற்றோடு ஒப்பிடுவது சில வேளை அதிகம் கற்பிக்கும். அவ்வழியில் இறங்க விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு இந்நூல் இன்றும் நல்ல வழித்துணை.

1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கினார். லங்காஷயருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த ஆலை அது. பின்னர் ஆலைகள் பெருகின. அருகேயுள்ள சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தொழில் வேரூன்றி, வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் அத்துணி போகிறது. அங்கே லங்காஷயரின் கதை மறுபுறம் திரும்பிற்று. 1958-இல் பிரிட்டன் தான் விற்ற பருத்தித் துணியை விட வாங்கியது அதிகம் என்ற நிலையை அடைந்தது. அடுத்த ஆண்டே சட்டம் இயற்றி, கதிர்களையும் தறிகளையும் உடைப்போருக்கு அரசு பணம் கொடுத்தது. ஆயினும் டார்வென் மக்கள் 1876-இன் பஞ்ச நிலைக்கு இறங்கவில்லை. காப்பீடும் மருத்துவமும் பள்ளியும் ஆலைகளுக்குப் பின்னும் நின்றன. ஆலை போன பின்னும் நிற்பது எதுவோ அதையே வாழ்க்கைத் தரம் என்று அழைக்க எனக்கு விருப்பம்.

இன்றைய நிலையைப் பார்ப்போம். பழைய வெள்ளி-தானிய வழக்கு ஓயவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாணய மாற்று விகிதத்தில் பிரிட்டனின் தலைவீத உற்பத்தி இந்தியாவினதைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. பணத்தின் வாங்கும் ஆற்றலைக் கொண்டு திருத்தினால் அது ஐந்தாறு மடங்காகச் சுருங்குகிறது. அரிசியும் பேருந்துக் கட்டணமும் முடிதிருத்தும் கூலியும் இங்கே மலிவு என்பதே காரணம். வெளிநாட்டு மருந்தையோ இயந்திரத்தையோ வாங்கப் போகும்போது பழைய 20 மடங்கு மீண்டும் எதிரே வந்து நிற்கும்.

சாட்விக்கின் வழியில் அளந்தாலோ காட்சி வேறு. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை எத்தனை என்று கேளுங்கள். 1900-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஏறத்தாழ 150. இந்தியாவில் 1951-இல் 146 என மதிப்பிடப்பட்டது. அதாவது அரை நூற்றாண்டுப் பின்னடைவு. அதன் பின் நம் மாநிலம் நடந்த தூரம் சிறிதன்று. 1939-இலேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியிருந்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவு பள்ளிக்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராம சுகாதாரச் செவிலியரும் தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் அந்த எண் 13. இங்கிலாந்து 13-ஐ எட்டியது 1970-களின் இறுதியில். இந்தியா முழுமைக்கும் எடுத்தால் அதே 2020-இல் 28; அஃது இங்கிலாந்தின் 1950-களின் தொடக்க நிலை.